கடைக் கண்ணாடியில் ஒட்டிய நீதியரசி

கதவளவு பெரிய ஒரு வாழ்த்துப் பதாகையில் என் அக்காவின் மகளை "அநீதி கண்டு சீறும் பெண் சிங்கமே" என்று விளித்து எழுதியவன் நான்தான். வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாராவது வந்து சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

இதில் கூடுதல் வெட்கம் ஒன்று உண்டு. நான் பகலில் ஒரு பல் ஆய்வுகூடத்தில் ஆட்களுக்குப் பொய்ப்பல் செய்கிறவன். மாலையில் ஒரு தமிழ்ச் சஞ்சிகைக்கு நகைச்சுவைப் பத்தி எழுதுகிறவன். அந்தப் பத்தியில் பல வருடங்களாக நான் கிண்டலடித்து வந்தது இப்படிப்பட்ட பதாகைகளைத்தான். நாங்கள் இருக்கும் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஒரு பிள்ளை ஓட்டுநர் உரிமம் எடுத்தால்கூட "வீதிகளின் வேந்தே" என்று யாராவது அச்சடித்து ஒட்டுகிறார்கள் என்று எழுதி, நாலு பேரைப் பகைத்தவன். கடைசியில் அந்த வகை இலக்கியத்தில் என் கைக்கு வந்த முதல் வாய்ப்பை நான் விடவில்லை.

சிங்கம் எனப்பட்டவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் டோர்ட்மண்டில் பிறந்தவள். தகப்பன் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவுப் பணி, தாய் முதியோர் இல்லத்தில். சட்டம் படிக்கப் போகிறாள் என்றபோது ஊர்ச் சனம் அக்காவிடம் துக்கம் விசாரித்தது. "மெடிசின் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டார்கள். கிடைத்தது, வேண்டாம் என்றாள் என்று அக்கா சொன்னாள். அது பொய். அவள் விண்ணப்பிக்கவே இல்லை.

இரண்டு அரசாங்கப் பரீட்சைகள். பிறகு ஒரு சின்ன நகரத்து நீதிமன்றத்தில் நீதிபதியாக வேலி, மரக்கிளை, நாய் குரைப்பு வழக்குகள். அங்கே போன புதிதில் ஒரு கிழட்டு வழக்கறிஞர் அவளிடம் தன் கோப்பைக் கொடுத்து, "நீதிபதி வந்ததும் சொல்லுங்கள்" என்றாராம். இவள் கறுப்பு அங்கியின் பொத்தானைப் போட்டு, மேடையில் ஏறி உட்கார்ந்து, "வந்துவிட்டார்" என்றாளாம். இதை அக்கா எனக்குச் சொல்ல, நான் பத்தியில் எழுத, அவள் மாதக்கணக்கில் என்னோடு கதைக்கவில்லை. அந்த வழக்கறிஞர் தமிழ் படிக்கப் போகிறாரா என்று நான் கேட்டேன். "அது அவற்ற வழக்கில நடந்தது, மாமா. உங்கட பகிடி இல்லை" என்றாள். அதற்குப் பிறகு என் முன்னால் வேலையைப் பற்றி வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

வீட்டிலும் அவள் நீதிபதிதான். சாப்பாட்டு மேசையில் யார் யாருக்குக் கலியாண வீட்டில் முகம் கொடுக்கவில்லை என்று அக்கா மூச்சு விடாமல் ஒப்பித்து, "நீயே சொல்லு, ஆரில பிழை?" என்று கேட்டால், "மற்றப் பக்கத்தையும் கேக்க வேணும்" என்பாள். பெற்ற தாயைப் பார்த்து! அறிமுகமில்லாதவர் வீட்டு விழாவுக்குப் போக மாட்டாள். யார் எது கொடுத்தாலும், பலகாரப் பெட்டி உட்பட, திருப்பிக் கொடுப்பாள். தமிழ்க் கடைப் பக்கம் அவள் போய் நான் கண்டதில்லை. இதையெல்லாம் நான் கர்வம் என்று நினைத்தேன். சிலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அடுத்து மாவட்ட நீதிமன்றத்தில் சில வருடங்கள் இருந்த பிறகு, மாநில உயர் நீதிமன்றத்துக்கு அவளை எடுத்தார்கள். எங்கள் மாநிலத்தில் அப்படி மூன்று இருக்கின்றன. எது என்று எழுத மாட்டேன், எனக்கும் அனுபவத்தால் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது. எடுத்தார்கள் என்றால், வைத்துக்கொள்ள இல்லை. இங்கே உயர் நீதிமன்றத்துக்குப் போக ஆசைப்படுகிற நீதிபதியை முதலில் சில மாதங்கள் அங்கே இருத்திப் பார்ப்பார்கள். எர்ப்ரோபுங் என்பார்கள். மூன்று நீதிபதிகள் சேர்ந்த செனட் ஒன்றில் மற்ற இருவரோடு சேர்ந்து வழக்குப் பார்க்க வேண்டும். முடிவில் செனட்டின் தலைவர் இவளைப் பற்றி ஒரு மதிப்பீடு எழுதுவார். அது நன்றாக இருந்தால் ஒருநாள் அந்த நாற்காலி நிரந்தரமாகக் கிடைக்கலாம். சுமார் என்றால் பழைய இடத்துக்குத் திரும்பி, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருக்கலாம். இரண்டாம் தடவை கேட்க ஏலாது என்று அக்கா சொன்னாள். இந்த ஒன்றுக்காகத்தான் அந்தப் பிள்ளை பத்துப் பதினைந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இருப்பதை மறந்திருந்தது.

நான் இதை "உயர் நீதிமன்ற நீதியரசி ஆகிவிட்டாள்" என்று விளங்கிக்கொண்டேன். விளங்கிக்கொண்டதோடு நிற்காமல், அரிசி வாங்கப் போன இடத்தில் சொன்னேன்.

அந்தக் கடைக்காரருக்கும் எனக்கும் ஆகாது. அவருடைய பருப்பில் கல்லுக்குக் குறைவில்லை, பல் வைத்தியரிடமும் என்னிடமும் அவர் தரகு கேட்காததுதான் அதிசயம் என்று ஒருமுறை எழுதியிருந்தேன். பெயர் போடவில்லை, ஆனால் ஊருக்கே தெரியும். அன்றிலிருந்து நான் உள்ளே போனால் மிச்சக் காசை மேசையில் வீசுவார். அப்படிப்பட்டவர், மருமகள் பற்றி நான் சொன்னதும், கல்லாவை விட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்தார்.

"அண்ணை, உண்மையே? எங்கட பிள்ளையோ?"

"அக்கான்ர மகள்."

"எந்தப் பகுதி அண்ணை? குற்ற வழக்கோ, குடும்ப வழக்கோ?"

"கடை வாடகை, கட்டட வாடகை வழக்குகள் பாக்கிற செனட்" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். செனட்டின் இலக்கத்தையும் சொன்னேன். அவளே ஒருநாள் அக்காவிடம் அலுப்பாகச் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. வேறு ஒரு காரியத்துக்கும் பயன்படாத அந்தத் தகவலை நான் பொக்கிஷம்போல வைத்திருந்தேன்.

கடைக்காரரின் முகம் மலர்ந்தது. பருப்பை மறந்துவிட்டார், என் எழுத்தின் அருமை இப்போதுதான் இவருக்கு விளங்குகிறது என்று நினைத்தேன். "அண்ணை, இதுக்கு நாங்கள் ஒரு வாழ்த்து அடிக்காட்டி எங்களுக்குத்தான் வெக்கம். அச்சுச் செலவு என்ர. எழுத்து உங்கட. உங்களைப்போல எழுத இஞ்ச ஆர் இருக்கினம்?" என்றார். தேநீரும் தந்தார். அந்தக் கடையில் தேநீர் விற்பதே கிடையாது. தன் வீட்டுப் போத்தலிலிருந்து ஊற்றித் தந்தார்.

அக்கா படம் தந்தாள். அவளுடைய முதல் பதவியேற்பில் அங்கியோடு எடுத்தது. தான் தரவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறாள், அதனால் இதை இங்கே பதிவுசெய்து வைக்கிறேன்.

எழுதியதையும் சொல்லத்தான் வேண்டும். "நீதியின் திருவுருவே! எம்மவர் உரிமை காக்க உயர் மன்றம் ஏறிய தமிழ்த் தாயின் தவப் புதல்வியே! அநீதி கண்டு சீறும் பெண் சிங்கமே! உன் தீர்ப்பால் எம்மினம் தலை நிமிரும்!" கீழே, வாழ்த்தி மகிழ்வோர் என்று கடையின் பெயர். அதற்கும் கீழே, பாசமிகு தாய்மாமன். கிண்டலாகத்தான் தொடங்கினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? இரண்டாம் வரியில் எனக்கே கண் கலங்கிவிட்டது.

கடையின் முன் கண்ணாடியில், பலாப்பிஞ்சு டின் விலைக்கும் தொலைபேசி அட்டை விளம்பரத்துக்கும் நடுவில், அவள் முகம் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வேலைக்குப் போகும் டிராம் அந்த வழியாக வராது. சில நாள் இறங்கி நடந்தேன்.

கடைக்காரர் எனக்குச் சொல்லாத ஒன்று இருந்தது. கட்டட உரிமையாளர் அவரை அந்தக் கடையிலிருந்து எழுப்ப வழக்குப் போட்டிருந்தார். கீழ் நீதிமன்றத்தில் கடைக்காரர் தோற்று, மேன்முறையீடு செய்திருந்தார். அது போன செனட் எதுவென்று இனிமேல் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கோப்பில் இருந்தது அவருடைய கம்பனியின் பெயர். கடைப் பலகையில் இருப்பது வேறு பெயர். மருமகளுக்கு அந்தக் கடையும் தெரியாது, ஆளும் தெரியாது.

விசாரணை நாளில் நடந்ததை அவளே பிறகு எனக்குச் சொன்னாள், ஏதோ மின்சாரக் கட்டணப் பட்டியல் வாசிப்பதுபோல. மூன்று நீதிபதிகளும் உள்ளே வந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். கடைக்காரர் மட்டும் உட்காரவில்லை. இரண்டு கையையும் நெஞ்சில் கூப்பி, முகம் முழுக்கச் சிரிப்போடு, நல்ல சத்தமாக, "வணக்கம் தங்கச்சி!" என்றார்.

செனட்டின் தலைவர் இவளைத் திரும்பிப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் இருந்த கட்டட உரிமையாளரும் அப்போதுதான் இவளை நிமிர்ந்து பார்த்தார். தன் சொந்தக் கட்டடத்தின் கண்ணாடியில், பலாப்பிஞ்சுக்குப் பக்கத்தில் தான் கிழமைக் கணக்கில் பார்த்து வந்த முகம் இப்போது வெள்ளைக் கழுத்துப் பட்டியோடு தனக்கு மேலே உட்கார்ந்திருப்பதைக் கண்டார். தன் வழக்கறிஞரின் காதில் ஏதோ சொன்னார். வழக்கறிஞர் எழுந்து இடைவேளை கேட்டார். இடைவேளை முடிந்ததும், இந்த நீதிபதி பக்கச்சார்பானவர் என்று அஞ்ச இடமிருக்கிறது, இவரை விலக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தார்.

அடுத்து, பதாகையின் படமும் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் நீதிமன்றத்துக்குப் போயின. அந்த மொழிபெயர்ப்பை நான் பிறகு பார்த்தேன். தமிழில் அந்த வரிகள் ஒன்றும் சொல்லவில்லை. கலியாண வீட்டு நாதஸ்வரம் போன்றவை, சத்தம் இருந்தால் போதும். ஜெர்மனிலோ ஒவ்வொன்றும் வாக்குமூலமாக நின்றது. தன் இன மக்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் நோக்கத்துடன் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றவர். அவருடைய தீர்ப்புகளின் மூலம் அவ்வினத்தவர் நிமிர்வர். சிங்கத்துக்கு மட்டும் ஓர் அடிக்குறிப்பு: உருவகம், விலங்கைக் குறிப்பதல்ல.

அந்தச் சனிக்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். வருவதாகச் சொல்லி, அலுவலகத்துக்குப் போல முன்கூட்டியே நேரம் குறித்து, டெர்மின் எடுத்துக்கொண்டு வந்தாள். மாமன் வீட்டுக்கு! கோட்டைக் கழற்றவில்லை. தேநீர் வேண்டாம் என்றாள். சமையலறை மேசையில் தாளை வைத்து, பேனாவைத் திறந்தாள்.

"மனுவுக்கு நான் உத்தியோகபூர்வமா ஒரு விளக்கம் எழுதிக் குடுக்க வேணும். என்ன நடந்ததெண்டு மட்டும். கேக்கிறதுக்குப் பதில் சொன்னாக் காணும்."

"பிள்ளை, நான் சந்தோசத்திலதான்..."

"அதை நான் இன்னும் கேக்கேல்லை. அந்தக் கடைக்காரரை எப்பயிருந்து தெரியும்?"

"கன காலமாத் தெரியும். ஆனா எனக்கு ஆளைப் பிடிக்காது."

"பிடிக்குமோ இல்லையோ எண்டும் கேக்கேல்லை. அதை எழுதினது ஆர்?"

"நான்."

"முழுக்கவோ?"

இந்த இடத்தில் ஓர் எழுத்தாளன் கொஞ்சம் தயங்குவான். "முழுக்க" என்றேன்.

"என்ர செனட்டைப் பற்றி அவருக்கு ஏதும் சொன்னனீங்களோ?"

"இல்லை."

அவள் "இல்லை" என்று எழுதினாள். நிதானமாக, நல்ல கையெழுத்தில். என் பொய் மை காய்ந்துகொண்டிருப்பதை நான் பார்த்தேன். நான் சொன்ன பொய்களில் ஒன்றும் அதுவரை இவ்வளவு மரியாதையாக நடத்தப்பட்டதில்லை.

"இதுக்குக் கீழ கையெழுத்து வைக்கப்போறது நான், மாமா. நீங்களில்லை" என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவர் நாளைக்கு வேற மாதிரிச் சொன்னா, பக்கச்சார்பு எண்டது போய், நான் பொய் எழுதினது எண்டு வரும். பிறகு உயர் நீதிமன்றம் இல்லை, இருக்கிற வேலையும் இல்லை. அடுத்த கேள்விக்குப் போகட்டோ?"

"நில்லு பிள்ளை."

பேனா நின்றது.

"சொன்னனான். வாடகை வழக்குப் பாக்கிற செனட் எண்டு."

"அவராக் கேட்டவரோ, நீங்களாச் சொன்னனீங்களோ?"

"பகுதி எதெண்டு அவர் கேட்டவர். இலக்கம் நானாச் சொன்னனான்."

"இலக்கமோ?" முதல் தடவையாகக் குரல் ஏறியது. "அதெப்படி உங்களுக்குத் தெரியும்?"

"நீ அக்காட்டச் சொல்லேக்க..."

"சரி. தனக்கு வழக்கு இருக்கெண்டு அவர் சொன்னவரோ?"

"இல்லை. சத்தியமா இல்லை."

"சத்தியம் தேவையில்லை. ஓம், இல்லை காணும்."

பழைய "இல்லை"யை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் புதிதாக எழுதினாள். தாளை மடித்துப் பையில் வைத்தாள். கதவடியில் நின்று, "என்னைக் கேட்டிருந்தா, நான் இன்னும் நீதியரசியே இல்லையெண்டு சொல்லியிருப்பன். நான் சோதினையில இருக்கிறன். நீங்கள் வெளியில நிண்டு வெடி கொளுத்தியிருக்கிறியள்" என்றாள். படியிறங்கும் சத்தம் கேட்டது. கோபமாகக்கூட இறங்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பத்து நிமிடத்தில் அக்காவின் தொலைபேசி. "உனக்கு விசரே? அறுபதை எட்டிப் பிடிக்கப் போறாய், ஒரு நாளாவது அலட்டாமல் இருந்திருப்பியே? அவளின்ர அப்பா அந்தச் சூட்டடுப்பில நிண்டது உனக்குச் சிங்கம் எழுதவோ?" படம் தந்தது யார் என்று கேட்டேன். அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

நான் கடைக்குப் போனேன். பதாகை அங்கேயே இருந்தது. கழற்றச் சொன்னேன்.

"என்னத்துக்கு அண்ணை? உங்கட பிள்ளை எனக்கு ஒரு உதவியும் செய்யேல்லை. வணக்கம் சொன்னனான், முகத்தைத் திருப்பிப்போட்டா. எங்கட ஆக்கள் மேல போனா இப்பிடித்தான்."

"உம்மட வணக்கத்தாலதானே அவளின்ர வேலை போகப் பாக்குது!"

"அப்ப நீங்கள் எழுதினதாலயில்லையோ?"

கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பொறுக்குவதை நிறுத்திவிட்டார்கள்.

"எனக்கு வழக்கு இருக்கெண்டு ஏன் சொல்லேல்லை?" என்றேன்.

"சொல்லியிருந்தா இலக்கம் தந்திருப்பீங்களோ?" என்றார். வெட்கமில்லாத மனிதன். ஆனால் முப்பது வருடமாக அந்த மூலையை வைத்துத்தான் அவர் குடும்பம் சாப்பிடுகிறது என்பதும் தெரியும். அவர் வழக்கில் வெல்லக் கிடைத்த எல்லாவற்றையும் பயன்படுத்தினார், நானும் அதில் ஒன்று. நானே கண்ணாடிக்குப் போய் மூலையைப் பிடித்து இழுத்தேன். அது நல்ல பசை. மேல் பாதி கையோடு வந்தது, கீழ் பாதி வரவில்லை. சில நாட்கள் அந்தக் கண்ணாடியில் தலையில்லாத ஓர் அங்கியும், அதன் கீழே பாசமிகு தாய்மாமனும் இருந்தார்கள். அதற்குப் பிறகு நான் பருப்பு வாங்க ரயிலேறி ஹம் நகரம் வரை போகிறேன்.

மனுவை அவள் இல்லாமல் மற்ற நீதிபதிகள் கூடித் தீர்மானித்தார்கள். அவளை அந்த வழக்கிலிருந்து விலக்கினார்கள். அவள் இடத்தில் வேறு ஒரு நீதிபதி உட்கார்ந்தார், கடைக்காரர் தோற்றார், இப்போது இரண்டு தெரு தள்ளிச் சின்ன இடத்தில் அதே பருப்பை விற்கிறார். விலக்கியதற்கான காரணம் நான் எழுதியது அல்ல. வழக்கின் ஒரு தரப்பினர் நீதிபதியின் உறவினரோடு சேர்ந்து அவரைப் புகழ்ந்து விளம்பரம் செய்தார், செனட்டின் விவரமும் குடும்பத்தினூடாக அவருக்குப் போயிருந்தது, மறுதரப்பு அஞ்சுவதற்கு அது போதும். பதாகையின் வாசகத்தைப் பற்றித் தனியாக ஒரு வசனம் இருந்ததாம்: நிதானமுள்ள எவரும் அதன் உள்ளடக்கத்தைக் கருத்தில் எடுக்க மாட்டார்கள்.

மதிப்பீடு வரும்வரை அந்தக் குடும்பத்தில் யாரும் என்னோடு கதைக்கவில்லை. என் பத்திக்கு விஷயம் கிடைக்காமல் காலநிலை பற்றி எழுதினேன். கண்ணை மூடினால் செனட்டின் தலைவர் வந்து, முகமில்லாத ஒரு பெரிய ஜெர்மன்காரராக, என் சிங்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

மதிப்பீடு நன்றாக வந்தது. எப்படி என்று அவள் எனக்குச் சொல்லவில்லை. அக்கா சொன்னதன்படி, தலைவர் அவளை அழைத்து, அந்த விளக்கத்தில் மாமனான நான் முதலில் பொய் சொன்னதையும் பிறகு மாற்றியதையும் அவள் அப்படியே எழுதியிருந்ததைக் குறிப்பிட்டாராம். தனக்குப் பாதகமானதைச் சுருக்காமல் எழுதுகிறவர் என்று மதிப்பீட்டிலும் போட்டாராம். ஆக, என் பொய் அவளுக்கு உதவியிருக்கிறது என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். அடுத்த ஒரு மாதத்துக்கு அக்காவும் கதைக்கவில்லை.

வெகு நாள் கழித்து நியமனம் வந்தது. நிரந்தரமாக, அதே மன்றத்தில். அக்கா வீட்டில் ஒரு சின்னச் சாப்பாடு, குடும்பம் மட்டும். என்னையும் கூப்பிட்டார்கள். பேச்சு இல்லை, படம் இல்லை, எழுத்து இல்லை என்று அக்கா நிபந்தனை போட்டாள். நான் கறியைப் புகழ்ந்தேன், அதுவும் அளவாக. எல்லோரும் எழுந்த பிறகு, மேசையில் நானும் அவளும் மட்டும். அவள் என் தட்டில் இன்னொரு வடையை வைத்தாள். சமாதானம் என்று எடுத்துக்கொண்டு, கொஞ்சம் துணிந்தேன்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. எழுத்தாப் பாத்தால், அது அவ்வளவு மோசமோ?"

அவள் யோசித்தாள். மற்றப் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"தெரியாது மாமா. எங்கட ஆக்கள் ஒருத்தரும் படத்துக்குக் கீழ வாசிக்கேல்லை. கடைசி வரி வரைக்கும் வாசிச்சது எதிர்த்தரப்பு வக்கீல் ஒருத்தர்தான். அவரும் மணித்தியாலக் கணக்கில காசு வாங்கினவர்."